எண்ணெய் விலையும் வாக்குச்சீட்டும்

2022 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் நடுப்பகுதி. கொழும்பு வெள்ளவத்தையில் எரிபொருள் நிரப்பு நிலையமொன்றின் முன்னால் ஆரம்பித்த வாகன வரிசை காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாகத் திரும்பி, கண்ணுக்கெட்டாத தூரம்வரை நீண்டிருந்தது. அதில் எனக்கு முன்னால் நின்றவர் எழுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் பத்திரிகையாளன் என்பதை அறிந்ததும் உலக அரசியலைப் பேசத் தொடங்கிவிட்டார்.

"யோசிக்காதேங்கோ, தம்பி. நவம்பரில அமெரிக்காவில எலெக்சன். அதுக்கு முன்னம் அவங்கள் எப்படியும் எண்ணெய் விலையை விழுத்திப் போடுவாங்கள்" என்றார்.

எங்கள் வரிசைக்குப் பிரதான காரணம் உலகச் சந்தை விலை அல்ல, எண்ணெய் வாங்குவதற்கு நாட்டின் கையில் டொலர் இல்லாமற்போனதே என்பதை அவரும் அறிவார். ஆயினும் அவர் கூறியது உலகெங்கும் பலரும் நம்பும் ஒரு கருத்து. யுத்தம் வந்தால் விலை ஏறும், தேர்தல் வந்தால் இறங்கும் என்பது அதன் சாரம். முதற் பாதி பெரும்பாலும் உண்மை. இரண்டாவது பாதி உண்மையா? அன்று வரிசையில் வைத்து நான் அவருக்குச் சரியான பதிலைச் சொல்லவில்லை. இந்தக் கேள்விக்கு வரலாற்றில் பதில் தேடுவோருக்கு 1979, 1980 ஆகிய இரு வருடங்களைவிடச் சிறந்த பாடநூல் வேறில்லை என்பது எனது அபிப்பிராயம்.

அந்த வருடங்கள் எனது சொந்த நினைவிலும் இருக்கின்றன. அப்போது எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் இரவு வேளையில் அரிக்கன் லாம்பின் வெளிச்சத்தில் அப்பா வானொலியில் பி.பி.சி. தமிழோசையைக் கேட்பார். ஈரான், தெஹ்ரான், ஆயதுல்லா கொமெய்னி, பணயக்கைதிகள் என்ற சொற்கள் நாள் தவறாமல் ஒலித்தன. அதே காலப்பகுதியில் ஜே.ஆர். ஜெயவர்தன அரசாங்கம் பங்கீட்டு முறையை ஒழித்து உணவு முத்திரைகளை அறிமுகம் செய்தது. அவற்றோடு மண்ணெண்ணெய் முத்திரைகளும் வந்தன. சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய்ப் போத்தலோடு என்னை அனுப்பும்போது முத்திரையைத் தொலைத்துவிடாதே என்று அம்மா ஒவ்வொரு முறையும் எச்சரிப்பார். வானொலியில் ஒலித்த தெஹ்ரானுக்கும் எனது சட்டைப்பையில் இருந்த முத்திரைக்கும் தொடர்பு உண்டு என்பதைப் புரிந்துகொள்வதற்கு எனக்குப் பல வருடங்கள் தேவைப்பட்டன.

இரண்டு தேர்தல்களின் கடன்

கதை 1979 இல் ஆரம்பிக்கவில்லை. 1951 இல் ஈரானியப் பிரதமர் முகம்மது மொசாதெக் அதுவரை பிரித்தானியக் கம்பனியொன்றின் கையில் இருந்த தமது நாட்டு எண்ணெய் வளத்தைத் தேசியமயமாக்கினார். அப்போது பிரித்தானியாவில் தொழிற்கட்சித் தலைவர் அட்லியும் அமெரிக்காவில் ஹரி ட்ரூமனும் ஆட்சியில் இருந்தனர். மொசாதெக்கைக் கவிழ்ப்பதற்குச் சதி செய்ய ட்ரூமன் நிர்வாகம் இணங்கவில்லை. ஆனால் 1951 ஒக்டோபரில் நடைபெற்ற பிரித்தானியத் தேர்தலில் வின்ஸ்டன் சேர்ச்சில் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். 1952 நவம்பரில் அமெரிக்காவில் ஐசனோவர் வெற்றி பெற்றார். முன்னவர் மறுத்ததற்குப் பின்னவர் ஒப்புதல் அளித்தார். 1953 ஓகஸ்ட் 19 ஆம் திகதி இரு நாட்டு உளவுத்துறைகளின் ஏற்பாட்டுடன் நிகழ்ந்த சதிப்புரட்சியில் மொசாதெக் வீழ்ந்தார். ஷா மன்னர் முகம்மது ரெசா பஹ்லவியின் தனியாட்சி வேரூன்றியது.

எண்ணெய் விவகாரத்தில் தேர்தல்கள் செல்வாக்குச் செலுத்துகின்றனவா என்று கேட்பவர்கள் முதலில் நோக்க வேண்டியது இதனைத்தான். அவ்விரு தேர்தல்களில் வாக்களித்த பிரித்தானியரும் அமெரிக்கரும் ஈரானை எண்ணி வாக்களிக்கவில்லை. ஆனால் அவர்கள் தெரிவு செய்தவர்கள் எடுத்த முடிவின் விலை கால் நூற்றாண்டு கழித்து அறவிடப்பட்டது. அதைச் செலுத்தியவர் 1953 இல் அரசியலிலேயே இல்லாத ஜிம்மி கார்ட்டர்.

நான்கு வீதம் குறைந்தபோது

1978 ஓகஸ்டில் ஆபாதான் நகரில் றெக்ஸ் திரையரங்கு தீக்கிரையாகி நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஷாவுக்கு எதிரான மக்கள் கோபம் கொழுந்துவிட்டெரிந்தது. ஒக்டோபரில் குசெஸ்தான் மாகாணத்தின் எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 60 இலட்சம் பீப்பாய் மசகு எண்ணெயை உற்பத்தி செய்துவந்த நாடு வருட இறுதியில் ஏற்றுமதியை முற்றாக நிறுத்தியது. 1979 ஜனவரி 16 இல் ஷா நாட்டைவிட்டு வெளியேறினார். பெப்ரவரி முதலாம் திகதி கொமெய்னி தெஹ்ரான் திரும்பினார்.

இங்கு வாசகர்கள் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். சவூதி அரேபியாவும் ஏனைய நாடுகளும் தமது உற்பத்தியை உயர்த்தியதால் உலகுக்கு உண்மையில் ஏற்பட்ட பற்றாக்குறை நான்கு அல்லது ஐந்து வீதமே. ஆனால் 1978 முடிவில் பீப்பாய் ஒன்று 13 டொலரளவில் இருந்த விலை, மூன்று வருடங்களுக்குள் 34 டொலராகியது. நான்கு வீதக் குறைவு எவ்வாறு ஒன்றரை மடங்கு விலை உயர்வாகியது?

அச்சமே காரணம். நாளை இன்னும் மோசமாகும் என்று அஞ்சிய கம்பனிகளும் அரசாங்கங்களும் தேவைக்கு மேல் வாங்கிக் களஞ்சியப்படுத்தின. நீண்டகால ஒப்பந்தங்கள் கைவிடப்பட்டன. உடனடிக் கொள்வனவுச் சந்தையில் யார் அதிகம் கொடுக்கிறார்களோ அவர்களுக்கே எண்ணெய் என்றாயிற்று. அந்தச் சந்தையில் விலை 40 டொலரைத் தொட்டது. மறுநாள் சீனி இல்லாமற்போகும் என்ற வதந்தியைக் கேட்டு எல்லோரும் ஒரே நாளில் கடைக்கு ஓடினால் என்ன நடக்கும் என்பது இலங்கையரான எங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. யுத்தமும் புரட்சியும் விலையை உயர்த்துவது பெரும்பாலும் இந்த வழியில்தான். கிணறுகள் வற்றுவதற்கு முன்னரே மனங்கள் வற்றிவிடுகின்றன.

கார்ட்டரின் இரு முகங்கள்

அமெரிக்காவின் எண்ணெய்த் தேவையில் ஈரானின் பங்கு சிறியதே. ஆயினும் 1979 வசந்தகாலத்தில் கலிபோர்னியாவில் பெற்றோல் வரிசைகள் தோன்றின. இலக்கத்தகட்டின் இறுதி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து எரிபொருள் விநியோகித்தார்கள். ஜூன் மாத இறுதியில் பென்சில்வேனியாவின் லெவிற்றவுணில் கலவரமே மூண்டது. நிக்சன் காலத்தில் ஆரம்பித்த விலைக் கட்டுப்பாடும், முன்னைய வருடங்களின் பாவனையை அடிப்படையாகக் கொண்டு பிரதேசங்களுக்கு எண்ணெயை ஒதுக்கிய விதிகளும் நெருக்கடியை மேலும் மோசமாக்கின. ஓரிடத்தில் மேலதிகமாக இருந்த பெற்றோலைத் தட்டுப்பாடான இடத்துக்குக் கொண்டுசெல்ல அவை இலகுவில் இடமளிக்கவில்லை.

அடுத்த வருடம் தேர்தலை எதிர்நோக்கிய ஒரு ஜனாதிபதி இந்நிலையில் என்ன செய்வார்? எங்கள் ஆசிரியர் கூறியபடி விலையை எவ்வாறேனும் அமுக்கியிருக்க வேண்டும். கார்ட்டர் செய்தது அதற்கு நேர்மாறானது. 1979 ஏப்ரலில் உள்நாட்டு எண்ணெய்மீதான விலைக் கட்டுப்பாட்டைப் படிப்படியாக நீக்கப்போவதாக அறிவித்தார். விலை செயற்கையாகக் குறைவாக இருக்கும்வரை மக்கள் சிக்கனம் பழகமாட்டார்கள், புதிய கிணறுகளும் தோண்டப்படமாட்டா என்பது அவரது வாதம். எண்ணெய்க் கம்பனிகள் அடையக்கூடிய எதிர்பாராத இலாபத்தின்மீது வரி விதிக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தார். ஜூன் மாதத்தில் வெள்ளை மாளிகையின் கூரையில் 32 சூரியவெப்பத் தகடுகளைப் பொருத்தினார்.

ஜூலை 15 ஆம் திகதி தொலைக்காட்சியில் உரையாற்றிய அவர், அமெரிக்கர்கள் நுகர்வில் மூழ்கித் தன்னம்பிக்கையை இழந்துவிட்டார்கள் என்று கடிந்துகொண்டார். 1977 இல் இறக்குமதி செய்த அளவுக்கு மேல் இனி ஒருபோதும் வெளிநாட்டு எண்ணெயைப் பயன்படுத்தமாட்டோம் என்று உறுதியளித்தார். முதலில் அந்த உரை வரவேற்கப்பட்டது. ஆனால் இரு தினங்களில் அமைச்சர்கள் அனைவரிடமும் பதவிவிலகல் கடிதங்களைக் கோரியதால் நாட்டின் தலைமையே தடுமாறுகிறது என்ற எண்ணம் பரவியது. ஓகஸ்டில் மத்திய வங்கியின் தலைவராக அவர் நியமித்த போல் வோல்க்கர் பணவீக்கத்தை அடக்குவதற்காக வட்டியை உயர விட்டார். தேர்தல் வருடத்தில் கடன் வாங்கி வீடு கட்ட நினைத்தவர்கள் திகைத்துப்போனார்கள்.

நவம்பர் 4 ஆம் திகதி தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. ஷாவை நியூயோர்க்கில் மருத்துவச் சிகிச்சைக்கு அனுமதித்ததே உடனடிக் காரணம். 1953 மீண்டும் நிகழப்போகிறது என்று ஈரானிய மாணவர்கள் அஞ்சினர். கார்ட்டர் ஈரானிய எண்ணெய் இறக்குமதிக்குத் தடை விதித்தார். 1980 ஜனவரியில், பாரசீக வளைகுடாவைக் கைப்பற்ற வெளிச்சக்தி எதுவும் முனைந்தால் இராணுவ பலத்தைப் பயன்படுத்தியேனும் தடுப்போம் என்று பிரகடனம் செய்தார். ஏப்ரலில் பணயக்கைதிகளை மீட்க அனுப்பிய படைப்பிரிவு ஈரானியப் பாலைவனத்தில் எட்டுப் பேரை இழந்து திரும்பியது. செப்டெம்பர் 22 இல் சதாம் ஹுசைனின் ஈராக் ஈரான்மீது படையெடுத்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 40 இலட்சம் பீப்பாய் எண்ணெய் சந்தையிலிருந்து மறைந்தது. வாக்களிப்புக்கு ஆறு வாரங்களே எஞ்சியிருந்தன.

ஒக்டோபர் 28 ஆம் திகதி விவாதமேடையில் ரொனால்ட் றேகன் வாக்காளர்களிடம் கேட்ட கேள்வி மிகவும் எளிமையானது. நான்கு வருடங்களுக்கு முன் இருந்ததைவிட இன்று உங்கள் நிலை நன்றாக இருக்கிறதா என்பதே அது. அந்த வருடத்தின் பணவீக்கம் 13.5 வீதம். பதில் நவம்பர் 4 இல் கிடைத்தது. தூதரகம் கைப்பற்றப்பட்டுச் சரியாக ஒரு வருடம். 50 மாநிலங்களில் 44 றேகனுக்கு. தேர்வாளர் வாக்குகள் 489 க்கு 49. பணயக்கைதிகளில் கடைசிவரை தடுத்துவைக்கப்பட்டிருந்த 52 பேரும் 444 நாட்களின் பின்னர், 1981 ஜனவரி 20 இல் றேகன் பதவியேற்றதும் விடுவிக்கப்பட்டார்கள்.

யுத்தம் தொடர்ந்தது, விலை வீழ்ந்தது

பதவியேற்று ஒரு வாரத்தில் றேகன் எஞ்சியிருந்த விலைக் கட்டுப்பாடுகளை முற்றாக நீக்கினார். கார்ட்டர் ஆரம்பித்து 1981 செப்டெம்பரில் முடிக்கவிருந்த வேலையைச் சில மாதங்கள் முன்னதாக முடித்துவைத்தார் என்பதே இதன் பொருள். அதன் பின்னர் விலை இறங்கத் தொடங்கியது.

இறங்கியது ஏன்? அதிக விலை தன் வேலையைச் செய்தது. 1978 இல் நாளொன்றுக்கு 188 இலட்சம் பீப்பாயாக இருந்த அமெரிக்கப் பாவனை 1983 இல் 152 இலட்சமாகக் குறைந்தது. இதில் பொருளாதார மந்தத்துக்கும் பங்குண்டு. 1975 இல் ஜெரால்ட் ஃபோர்ட் கையெழுத்திட்ட சட்டத்தின் விளைவாகச் சிக்கனமான கார்கள் வீதிக்கு வந்தன. மின்நிலையங்கள் எண்ணெயைக் கைவிட்டு நிலக்கரிக்கும் அணுசக்திக்கும் மாறின. அலாஸ்கா, வடகடல், மெக்சிக்கோ ஆகிய இடங்களிலிருந்து புதிய எண்ணெய் வந்தது. விலையைத் தாங்கிப்பிடிக்க முயன்ற சவூதி அரேபியா தனது உற்பத்தியைக் கோடி பீப்பாயிலிருந்து கால்வாசிக்கும் கீழே குறைத்துக்கொண்டு, 1985 இல் பொறுமை இழந்தது. எண்ணெய் வெள்ளம் திறந்துவிடப்பட்டது. 1986 இல் விலை 10 டொலரளவுக்குச் சரிந்தது.

இதில் வாசகர்கள் மறக்கலாகாத உண்மையொன்று உண்டு. அந்த வருடங்கள் முழுவதும் ஈரான் - ஈராக் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. 1984 முதல் வளைகுடாவில் எண்ணெய்க் கப்பல்கள்கூடத் தாக்கப்பட்டன. எனினும் விலை வீழ்ந்தது. ஆகவே யுத்தம் தனியாக நின்று விலையைத் தீர்மானிப்பதில்லை. யுத்தம் வெடிக்கும் வேளையில் உலகிடம் மேலதிக உற்பத்தித் திறன் எவ்வளவு இருக்கிறது, மக்களுக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்பனவே தீர்மானிக்கின்றன.

அரசியல்வாதிகள் எப்போதும் குறைந்த விலையையே விரும்புவார்கள் என்பதும் தவறு. 1986 ஏப்ரலில் உப ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் சவூதி அரேபியா சென்றபோது கவலைப்பட்டது விலை அதிகம் என்றல்ல, மிகவும் குறைந்துவிட்டது என்றுதான். டெக்சாஸ் எண்ணெய்த் தொழிலில் தன் வாழ்க்கையைத் தொடங்கியவர் அவர். அந்த மாநிலத்தில் கிணறுகள் மூடப்பட்டு, வங்கிகள் ஆட்டம் கண்டிருந்தன. அதே 1986 இல் வெள்ளை மாளிகையின் கூரை திருத்தப்பட்டபோது கார்ட்டரின் சூரியவெப்பத் தகடுகள் கழற்றப்பட்டன. பிறகு அவை அங்கு பொருத்தப்படவேயில்லை.

நான் பத்திரிகைத் துறையில் கால்வைத்தது 1990 இல். அவ்வருடம் ஓகஸ்ட் 2 ஆம் திகதி ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. ஆசிரிய பீடத்தில் தொலையச்சுத் தாள்களைக் கிழித்துத் தரம்பிரிப்பது எனது வேலைகளில் ஒன்று. ஒக்டோபரில் விலை 40 டொலரைக் கடந்ததையும், 1991 ஜனவரி 17 இல் அமெரிக்கக் குண்டுவீச்சு ஆரம்பித்த அன்றே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்ததையும் கண்டேன். யுத்தம் வரும் என்ற அச்சத்தில் ஏறிய விலை, யுத்தம் வந்ததும் விழுந்தது. அந்த யுத்தத்தில் வென்று, விலையும் பழைய நிலைக்குத் திரும்பிய பின்னர், அதே புஷ் 1992 தேர்தலில் தோற்றார். இடையில் வந்த பொருளாதார மந்தத்தை வாக்காளர்கள் மன்னிக்கவில்லை.

ஆசிரியருக்குப் பதில்

2022 இல் என்ன நடந்தது? ரஷ்யா பெப்ரவரி 24 இல் உக்ரைன்மீது படையெடுத்ததையடுத்து மார்ச்சில் மசகு எண்ணெய் விலை 130 டொலரைத் தாண்டியது. ஜோ பைடன் அவசரகாலக் கையிருப்பிலிருந்து 18 கோடி பீப்பாயை விடுவிக்க உத்தரவிட்டார். ஜூலையில் சவூதி அரேபியா சென்றார். ஜூனில் கலனுக்கு 5 டொலரைக் கடந்த அமெரிக்கப் பெற்றோல் நவம்பரில் 4 டொலருக்குக் கீழே வந்தது. ஆசிரியர் சொன்னது பலித்துவிட்டதே என்று தோன்றலாம். ஆனால் அந்த வீழ்ச்சியில் கையிருப்பின் பங்கு சிறியது. உலகெங்கும் வட்டி உயர்ந்ததும், சீனாவின் பெருந்தொற்று முடக்கங்களும் பெரிய காரணங்கள். தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னர், வாஷிங்டனின் எதிர்ப்பையும் மீறி, ஒபெக் நாடுகளும் ரஷ்யாவும் நாளொன்றுக்கு 20 இலட்சம் பீப்பாயைக் குறைக்க முடிவு செய்தன. வெள்ளை மாளிகையின் தேர்தல் நாட்காட்டியைப் பார்த்து றியாத் நடந்துகொள்ளவில்லை.

ஆகவே நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: ஐயா, தேர்தலுக்கும் எண்ணெய் விலைக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது சில மாதங்களில் தீரும் கணக்கு அல்ல. யுத்தத்தின் விலை வாக்காளனின் வீட்டுக்கு மறுவாரமே வந்துவிடுகிறது. அதற்கான மருந்து வேலை செய்ய ஐந்து, ஆறு வருடங்கள் எடுக்கிறது. அதற்குள் ஒரு தேர்தல் வந்து, கசப்பு மருந்தைக் கொடுத்தவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. காய்ச்சல் இறங்கும் வேளையில் கட்டிலருகே நிற்பவருக்கே புகழ் சேர்கிறது. கார்ட்டரின் பிழைகள் பல. பணயக்கைதிகள் விவகாரம் மட்டுமே அவரைத் தோற்கடிக்கப் போதுமானதாக இருந்திருக்கலாம். ஆனால் எண்ணெய் விடயத்தில் அவர் தோற்றது பெரும்பாலும் தாம் சரியாகச் செய்தவற்றுக்காகவே. 2024 டிசெம்பர் 29 இல் தமது நூறாவது வயதில் அவர் காலமானபோது வந்த அஞ்சலிகள் பலவற்றில் அந்தச் சூரியவெப்பத் தகடுகள் நினைவுகூரப்பட்டன.

எங்கள் நாட்டுக்கு வருவோம். 1969 இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகு எண்ணெய்க்கு ஏற்றவாறு அமைக்கப்பட்டது. 1979 இன் விலையேற்றம் இலங்கையின் வாழ்க்கைச் செலவையும் விட்டுவைக்கவில்லை. 1980 ஜூலையில் சம்பள உயர்வு கோரி அரசாங்க ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது ஏறக்குறைய 40 ஆயிரம் பேர் வேலை இழந்தார்கள். அதே வருடம் ஒக்டோபரில் எதிரணித் தலைவர்களில் ஒருவரான சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் பறிக்கப்பட்டன. 1982 ஒக்டோபரில் ஜெயவர்தன ஜனாதிபதித் தேர்தலில் வென்றார். டிசெம்பரில் சர்வசன வாக்கெடுப்பின் மூலம் பாராளுமன்றத் தேர்தலே ஒத்திவைக்கப்பட்டது. அதே எண்ணெய் விலை அமெரிக்காவில் ஜனாதிபதியை மாற்றியது. இங்கு விலையின் சுமையைத் தாங்க முடியாமல் குரல் எழுப்பியவர்களே தண்டிக்கப்பட்டார்கள்.

கார்ட்டருக்கு அமெரிக்க வாக்காளர்கள் அநீதி இழைத்தார்கள் என்று நான் பல வருடங்கள் எண்ணியிருந்தேன். இப்போதும் அந்த எண்ணம் முற்றாக மாறிவிடவில்லை. ஆயினும் தவறாகவேனும் தண்டிக்கும் வல்லமை மக்களின் கையில் இருந்ததை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். 1980 இல் எங்களுக்கு அது கிடைக்கவில்லை. 2022 ஜூலையில் வரிசைகளில் நின்று களைத்தவர்கள் வாக்குச்சீட்டுக்குக் காத்திராமல் வீதிக்கு இறங்கினார்கள். 14 ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ வெளிநாட்டிலிருந்தவாறு பதவி விலகினார்.

அந்த ஆசிரியரை அதற்குப் பின்னர் நான் சந்திக்கவில்லை. எங்கள் வரிசை அன்று இரவு பதினொரு மணிக்குக் கலைந்தது. எண்ணெய்த் தாங்கி வண்டி வரவில்லை என்று அறிவித்தார்கள். அவர் தமது பழைய காரைப் பூட்டி அங்கேயே விட்டுவிட்டு, "நாளைக்குக் காலமை வாறன், தம்பி. இடத்தை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லி நடந்து போனார்.